ஒரு கியருக்கு இரண்டு மிதி

என் மகனுடைய இடது முழங்காலை இப்போது முழுதாக நீட்டவும் முடியாது, முழுதாக மடக்கவும் முடியாது. அவனுக்கு வயது நாற்பத்து மூன்று. இருபத்து நான்கு வருடம் லாரி ஓட்டினான். இனி ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் கடைசியாக ஓட்டிய லாரியை வாங்கும்போது, கையால் கியர் போட்டுக் காலால் கிளச் மிதிக்கிற வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தவன் நான். எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. சைக்கிள் பழகும்போதே இந்த ஏற்காடு மலையில் ஒன்பது முறை விழுந்தேன். பத்தாவது முறைக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

எஸ்டேட்டில் முப்பத்தாறு வருடம் ரைட்டராக இருந்தேன். காலையில் ஆளை எண்ண வேண்டும், மதியம் கூடையை எண்ண வேண்டும், சாயங்காலம் மூட்டையை எண்ண வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு யாரும் ஒன்றும் தரவில்லை. ஆனால் பழக்கம் நிற்கவில்லை. வெள்ளக்கடையில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி நடை. மழை நாளில் இருநூற்று முப்பது, ஏனென்றால் சேற்றுக்குச் சிறிய அடியாக வைக்கிறேன். இதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். மருமகள் அந்த நோட்டை அடுப்பு பற்ற வைக்க எடுத்துவிடுவாளோ என்ற பயம் எப்போதும் உண்டு. அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. லாரி வாங்கப் போன அன்றைக்காவது எடுத்திருக்கலாம்.

காப்பிச் செடிக்கு நிழலுக்காக எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களை வளர்ப்பார்கள். மிளகுக் கொடி அதன்மேல் ஏறும். மரம் முற்றியதும் வெட்டி, துண்டு போட்டு, கீழே சமவெளியில் இருக்கும் மரமில்லுக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டைகளை லாரியில் மலையில் இருந்து கீழே கொண்டுபோவதுதான் என் மகனின் வேலை. பத்தொன்பது வயதில் அவனை எஸ்டேட்டின் பழைய லாரியில் ஏற்றிவிட்டவனும் நான்தான். நான் சொன்னதால் எடுத்துக்கொண்டார்கள். அந்த லாரியின் கியர்ப்பெட்டி பழைய மாதிரி. கொஞ்சம் தவறினால் பல்லைக் கடிக்கும். அந்தச் சத்தம் பங்களா வரை கேட்கும். மற்ற டிரைவர்கள் ஓட்டினால் நான் ஆபீசில் உட்கார்ந்தபடியே அது எத்தனை முறை கடித்தது என்று சொல்லிவிடுவேன். என் மகன் ஓட்டினால் ஒரு முறைகூடக் கடிக்காது. கை அப்படி என்று நினைத்தேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். "என் பையனுக்குக் கை அப்படிங்க."

பிறகு பல வண்டிகள் மாறின. பெரும்பாலும் வாடகைக்கு ஓட்டினான். மூன்று வருடத்துக்கு முன் சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி எடுக்கலாம் என்று வந்தது. எஸ்டேட் வேலை உறுதியாக இருந்தது. கையில் கொஞ்சமும் வங்கியில் மிச்சமும் ஏற்பாடாகிவிட்டன. முடிவாகாமல் இருந்தது ஒன்றே ஒன்று. இப்போது கனரக லாரிகள் இரண்டு விதமாக வருகின்றன. ஒன்று வழக்கமான கியர் வண்டி. இன்னொன்றில் கியர் தானாக மாறும், கிளச் பெடலே கிடையாது. டிரைவர்கள் அதை ஆட்டோ கியர் என்கிறார்கள்.

அவன் என்னிடம் வந்து, "எது எடுக்கலாமுங்ப்பா?" என்று கேட்டான். அவன் ஓட்டப் போகும் வண்டிக்கு என்னிடம் ஏன் கேட்டான் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது அது எனக்கு இயல்பாகத்தான் இருந்தது. சின்ன வயதில் இருந்தே, எண்ணிப் பார்க்க வேண்டியது எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வருவான்.

நான் எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவனுடைய வாடகை லாரியில் கிளீனர் உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மஞ்சக்குட்டை எஸ்டேட்டில் லோடு ஏற்றி, ஏற்காடு டவுனைத் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரம் வரை. நோட்டு மடியில். அவன் கை கியர் கம்பிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடிப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அடிவாரத்தில் கூட்டிப் பார்த்தேன். நூற்று முப்பத்தொன்று. காலியாகத் திரும்பி ஏறும்போது நூற்று நாற்பத்தெட்டு.

"அவ்வளவுதானுங்களா?" என்றான் மகன்.

"அவ்வளவுதான் சாமி. ஒரு கூடை காப்பிப் பழம் பறிக்கறதுக்குக் கை இதைவிட எத்தனையோ மடங்கு போகும்."

அவன் லாரியில் இருந்து இறங்கி டயரைச் சுற்றி வந்தான். அன்றைக்கு மூடுபனி. டூரிஸ்ட் கார்கள் இல்லை. இந்த மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழி விட வேண்டும். அன்றைக்கு மூன்றே வளைவுகளில்தான் நின்றோம். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். எழுதினேனே தவிர, அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை.

கியர் வண்டிக்கு ஆதரவாகக் காரணங்களை வரிசையாக எழுதினேன். பதினொன்று சேர்ந்தன. கரடியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வெளியூரில் இருந்து வந்த ஆட்டோ கியர் லாரி ஒன்று ஈரச் சரிவில் மாட்டிக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருந்தேன். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். வண்டி ஒரு கியருக்குப் போகிறது, மனம் மாறி இன்னொரு கியருக்கு வருகிறது, அதற்குள் சக்கரம் சேற்றில் சுழல்கிறது. முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்க வேண்டிய இடத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாற்பது நிமிடம் கழித்து டிராக்டர் வந்து இழுத்தது. அது ஒரு காரணம். ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் சட்டம். அந்தக் கியரைத் தேர்ந்தெடுப்பது மனிதனாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. கியர்ப்பெட்டி கெட்டால் சேலத்தில் எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவான், ஆட்டோ கியரில் ஒரு சென்சார் போனால் மலையில் வண்டியோடு நாமும் நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. இப்படிப் பதினொன்று. அவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இன்றைக்கும் எல்லாம் சரிதான். அதுதான் என்னை அரிக்கிறது.

அந்த வாரத்தில் ஒருநாள் மருமகள் சமையல்கட்டில் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏனுங் மாமா, கிளச்சே இல்லாத லாரியும் வருதாமுங்களே?"

"வருது."

"அதையே எடுத்துக்கலாமுங்களே? அவருக்குப் பொழுதாச்சுன்னா நொம்ப..."

அதற்குள் மகன் உள்ளே வந்தான். அவள் நிறுத்திக்கொண்டாள். அவள் கையில் துணியில் கட்டிய சூடான உப்பு ஒத்தடம் இருந்தது. அவளுக்கு இடுப்பு வலி போல என்று நினைத்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் கல்லுப்பு இரண்டு பாக்கெட் அதிகம் வாங்கியிருந்தார்கள். அதை நான் கவனித்திருந்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

சேலத்தில் லாரி ஷோரூமுக்கு நானும் மகனும் போனோம். இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. மகன் முதலில் ஆட்டோ கியர் வண்டியில்தான் ஏறினான். விற்பனைப் பையன் கீழே நின்று விளக்கினான்.

"இடது காலுக்கு வேலையே கிடையாதுங்க சார். வேணும்னா கியரை நீங்களே கையால புடிச்சும் வெச்சுக்கலாம். எறக்கத்துல அது பாட்டுக்கு மாறாது."

"அப்படீங்களா," என்றான் மகன்.

அவன் இடது காலை நீட்டினான். பெடல் இருக்க வேண்டிய இடம் வெறும் தரையாக இருந்தது. அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். வண்டி ஓடவில்லை, அவன் எந்த பட்டனையும் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் அப்படியே இருந்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது. பஸ்ஸுக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது.

"என்ன சாமி, தூங்கிட்டியா?"

இறங்கி வந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தானுங் இருக்குது," என்றான்.

நான் நோட்டை எடுத்தேன். "உன் இஷ்டம்தான். ஓட்டறவன் நீ. ஆனா..." என்று ஆரம்பித்தேன். பதினொரு காரணங்களையும் படித்தேன். நூற்று முப்பத்தொன்று என்ற கணக்கைக் கடைசியில் வைத்திருந்தேன். விற்பனைப் பையன் இரண்டு இடத்தில் மறுத்துப் பேசப் பார்த்தான். நான் விடவில்லை. மகன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், "அப்பா சொன்னாச் செரியாத்தான் இருக்கும். கியர் வண்டியே போட்டுருங்க," என்றான்.

எனக்கு அன்றைக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

புது லாரி மலைக்கு வந்த அன்று மஞ்சக்குட்டை டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் சேலத்தில் இருந்து வந்து இங்கேயே ஊன்றிவிட்ட பாய். என்னை எப்போது பார்த்தாலும், "ஏனுங் ரைட்டரே, இன்னிக்கு எத்தனை?" என்பார். எதை என்று சொல்ல மாட்டார். அன்றைக்கு எழுந்து வந்து லாரியைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லவேளை, அந்த ஆட்டோ கியர எடுக்கல. அதுக்கு டிரைவர் எதுக்குங்க? ஒரு மொளகு மூட்டையத் தூக்கி சீட்டுல கட்டிட்டாப் போச்சு. அதுவே எறங்கி, மில்லுல லோடு எறக்கிட்டு, டீயுங் குடிச்சுட்டு வந்துரும்."

கடையில் இருந்த நான்கு டிரைவர்களும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். நானும் சிரித்தேன். மொத்தம் ஆறு பேர், பாயையும் சேர்த்தால் ஏழு.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றால், நான் பார்க்கவில்லை. இரண்டாம் வருடம் அவன் லாரியில் இருந்து இறங்கும் விதம் மாறியது. முன்பெல்லாம் கடைசிப் படியில் இருந்து குதிப்பான். இப்போது பின்புறமாகத் திரும்பி, கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் ஊன்றி இறங்கினான். குதிக்க நான்கு வினாடி, இப்படி இறங்கப் பதினெட்டு வினாடி. கேட்டேன்.

"மழைக்குப் புடிச்சுக்குதுங்ப்பா," என்றான்.

"டாக்டரப் பாரு."

"பாக்கறனுங்."

அந்த மழையும் போய், பனியும் போய், கோடை வந்தது. அப்போதும் பின்புறமாகத்தான் இறங்கினான். மழை போனதை நான் சொல்லிக் காட்டவில்லை. அவனும் டாக்டரைப் பார்க்கவில்லை.

இப்போது அவன் கடைசியாக லாரி ஓட்டிய சனிக்கிழமைக்கு வருகிறேன். மே மாதம். சேலத்தில் என் கண்ணைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. கிளீனர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டதால் சீட்டு காலி. "வாங்ப்பா, போற வழிதானே," என்றான் மகன். எஸ்டேட்டில் ஏற்றிய கட்டை இருபது டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. காலை ஒன்பதரைக்கு டவுனைத் தாண்டினோம்.

சீசன் நேரத்துச் சனிக்கிழமை. கீழே இருந்து கார்கள் சரம் சரமாக ஏறி வந்தன. ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் நின்றோம். சில வளைவுகளில் எங்கள் வண்டி ஒரே வீச்சில் திரும்பாது. கொஞ்சம் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். பின்னால் எடுக்க இடம் கொடுக்காமல் கார்க்காரர்கள் வந்து ஒட்டி நிற்பார்கள். நிற்பது, நகர்வது, நிற்பது. நான் கார்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூறைத் தாண்டிவிட்டது. மகன் வழக்கமாக யாரையாவது திட்டுவான், இல்லையென்றால் ஏதாவது பேசுவான். அன்றைக்குப் பேச்சே இல்லை. அவன் மேலுதட்டில் வியர்வை நின்றதைப் பார்த்தேன். மலைக்காற்று குளிராகத்தான் இருந்தது.

இறங்க இறங்க வளைவுப் பலகையில் எண் குறைந்துகொண்டே வரும். பதினொன்றாவது வளைவில் ஒரு பஸ் ஏறி வந்தது. நின்றோம். மகன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கைப்பிரேக்கைப் போட்டான். பஸ் போனது. அதன் பின்னால் ஒன்பது கார்கள் போயின. வழி கிடைத்தது. மகன் நகர்த்தவில்லை.

"போலாமே சாமி."

"கால் வரலீங்ப்பா."

எனக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். இடது முழங்கால் மடங்கியபடி நின்றுவிட்டது. அதை நீட்டினால்தான் கிளச்சை மிதிக்க முடியும். இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்து அழுத்தினான். அவன் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தம் மாதிரி இல்லை. பின்னால் ஹாரன் தொடங்கிவிட்டது.

வலது காலைக் குறுக்கே கொண்டுபோய்க் கிளச்சை மிதித்துப் பார்த்தான். கியர் விழுந்தது. கைப்பிரேக்கை எடுத்தான். பிரேக்குக்குக் கால் வேண்டும் என்று வலது காலை அங்கிருந்து எடுத்த நொடியில் வண்டி ஒரு குதி குதித்து நின்றது. கட்டைகள் முனகின. சங்கிலி இழுபட்டது. எங்களுக்கு முன்னால் இரண்டு ஆள் நீளம்தான் ரோடு, அதற்கப்புறம் சுவர், சுவருக்கு அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி கைப்பிரேக். ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார்.

"ஏய், என்னய்யா? ஊரே நிக்குது. எடு வண்டிய!"

"கால் புடிச்சுக்கிச்சுங்க சார்."

"புடிச்சுக்கிச்சா? வேற டிரைவர் இல்லியா? பெருசு, நீ ஓட்டுவியா?"

நான் தலையாட்டினேன், இல்லை என்று. மகன் தெரிந்த டிரைவர்களுக்குப் போன் செய்தான். ஒருவர் ஓமலூரில், ஒருவர் வாழப்பாடியில். இந்தக் கூட்டத்தில் மேலே வர இரண்டு மணி நேரம் ஆகும். மேலும் கீழும் வண்டிகள் வால் தெரியாமல் நின்றன. கூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அது எங்களைத் தாண்டினால்தான் போக முடியும்.

"நான் கையால அமுக்கறேன்," என்றேன்.

மகன் என்னைப் பார்த்தான். "ஆகாதுங்ப்பா."

"கியர் நீ போடு. பிரேக்கு நீ பாத்துக்கோ. கிளச்ச நான் அமுக்கறேன். சொன்னா அமுக்கறேன், சொன்னா விடறேன்."

அது சட்டப்படி தவறு. புத்திப்படியும் தவறு. எனக்குத் தெரியும். கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு, தலையை ஸ்டீரிங்குக்கு அடியில் கொடுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் பெடல்மேல் வைத்தேன். அவனுடைய மடங்கின கால் இடைஞ்சலாக இருந்தது. அதை வைக்க வேறு இடமே இல்லை.

"என் முதுகுமேல போடு."

"அப்பா மேல காலப் போடறதுங்களா? வேண்டாமுங்."

"போடு சாமி. நேரமாகுது."

அவன் போடவில்லை. நானே அந்தக் காலைத் தூக்கி என் முதுகின்மேல் வைத்துக்கொண்டேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. கால்சட்டைக்கு உள்ளே முழங்காலில் துணி சுற்றியிருந்தது கைக்குத் தட்டுப்பட்டது. உப்பு வாசனை வந்தது.

"அமுக்குங்க," என்றான். அமுக்கினேன். "உடுங்க... மெல்ல... பாதில நிறுத்துங்க. நிறுத்துங்க! ம், உடுங்க." வண்டி நகர்ந்தது. எனக்கு ரோடு தெரியவில்லை. பெடலும், அவன் வலது காலின் செருப்பும், தரையில் ஒட்டியிருந்த மரப்பட்டைத் தூளும் மட்டும் தெரிந்தன. "அமுக்குங்க. உடுங்க. இன்னொருக்கா அமுக்குங்க. உடுங்க."

முதலில் நான் சரியாக அமுக்கவில்லை போல, அதனால்தான் இன்னொரு முறை சொல்கிறான் என்று நினைத்தேன். அடுத்த வளைவிலும் அப்படியே. ஒவ்வொரு கியருக்கும் இரண்டு முறை. அமுக்கினால் கியர் நியூட்ரலுக்கு வரும். விட்டு, மறுபடி அமுக்கினால் அடுத்த கியருக்குப் போகும்.

"எதுக்கு ரெண்டு தடவை?" என்று கீழே இருந்தே கேட்டேன்.

"எப்பவும் ரெண்டுதானுங்ப்பா."

"எப்பவுமா?"

"அந்தப் பழைய வண்டில பழகுனதுங். ஒருக்கா அமுக்குனாப் பல்லக் கடிக்குமுங்க, அதுக்காக. இந்த வண்டிக்கு வேண்டியதில்ல. கால் கேக்க மாட்டேங்குதுங். அமுக்குங்க."

அமுக்கினேன்.

அவனுடைய கை அப்படி என்று இருபத்து நான்கு வருடம் ஊரெல்லாம் சொன்னேன். கை அப்படி இல்லை. கால் அப்படி. நூற்று முப்பத்தொன்று என்பது கை. அதற்கு இரண்டு மடங்கு கால். அதற்குமேல், வளைவில் பாதிக் கிளச்சில் இருபது டன்னைப் பிடித்துக்கொண்டு நிற்பது, பின்னால் எடுப்பது, காருக்காக நிற்பது. எதுவும் என் நோட்டில் இல்லை. கை மேலே வெளிச்சத்தில் இருந்தது, அதனால் எண்ணினேன். கால் கீழே இருட்டில் இருந்தது. குனிந்து பார்க்கவில்லை.

ஏழாவது வளைவுக்கு வரும்போது என் மணிக்கட்டு விட்டுப்போனது. முழங்கையால் அழுத்தினேன். நான்காவது வளைவில் பெடல் நழுவி வண்டி ஒருமுறை உலுக்கியது. மேலே அவன், "ஒன்னுமில்லீங்ப்பா, ஒன்னுமில்லீங்," என்றான், குழந்தைக்குச் சொல்வது மாதிரி. என் கழுத்தின் பின்புறம் ஈரமாக விழுந்தது. வியர்வையா என்று தெரியாது. நான் தலையைத் தூக்கவில்லை.

அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தினான். என்னால் எழ முடியவில்லை. ஒரு ஆட்டோக்காரரும் பின்னால் வந்த கார்க்காரரும் எங்கள் இரண்டு பேரையும் தூக்கி இறக்கினார்கள். கார்க்காரர் கோபமாகத்தான் இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டதா, இல்லை அது வேறு வழியாகத் திரும்பிவிட்டதா என்று தெரியவில்லை. இன்றுவரை அதை நினைக்கிறேன்.

டாக்டர் முழங்காலின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஜவ்வு தேய்ந்து, ஒரு துண்டு கிழிந்து, மூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை எடுத்துவிட்டார்கள். தேய்ந்ததை ஒன்றும் செய்ய முடியாது. "எத்தன வருஷமா வலிக்குது?" என்று கேட்டார். மகன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அஞ்சு வருஷமாங்க சார்," என்றான். லாரி வாங்கி அப்போது இரண்டு வருடம். கழித்துப் பார்க்க எனக்கு நோட்டு தேவைப்படவில்லை. பக்கத்தில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். இரண்டு கரண்டிக் குழம்பு, முன்பு மாதிரியேதான்.

இப்போது அந்த லாரியைக் கூலிக்கு ஒரு டிரைவர் ஓட்டுகிறார். சின்ன வயது. காலையில் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போவார். ஆட்டோ கியர் வண்டியாக மாற்றலாம் என்று நான் இரண்டு முறை சொன்னேன். இனி அதுவும் ஆகாது என்றான் மகன். ஏறி இறங்கக் கால் வேண்டும், மழையில் லோடின்மேல் நின்று சங்கிலி இறுக்கக் கால் வேண்டும், மூன்று வருடத்துக்கு முன்பு என்றால் வேறு. மூன்று வருடத்துக்கு முன்பு என்று அவன் சொன்னது வெறும் கணக்காகத்தான். என்னைக் குத்துவதற்கு இல்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே ரோடு ஒரு மேடு ஏறும். லோடு வண்டி எதுவும் அங்கே ஒரு கியர் இறக்கித்தான் ஆக வேண்டும். மகன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். வண்டியின் சத்தம் கனக்கும்போது அவனுடைய இடது பாதம் தரையை அழுத்தும். விடும். மறுபடி அழுத்தும். அவனுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்ப்பேன்.

போன வாரம் அப்படி எங்கள் லாரியே ஏறியது. கூலி டிரைவர் ஒரே மிதியில் கியரை மாற்றினார். ஒரு சத்தமும் வரவில்லை. புது வண்டி அப்படித்தான். மகனுடைய பாதம் இரண்டாவது முறை அழுத்தும்போது வண்டி மேட்டைத் தாண்டிவிட்டது. அவன் பாதத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு ஜன்னலில் நின்ற என் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கு எத்தன தடவைங்ப்பா அமுக்குனீங்க?"

பதினொன்றாவது வளைவில் இருந்து அடிவாரம் வரை தொண்ணூற்று நான்கு. முழங்கையால் அழுத்தியதும் சேர்த்து.

"எண்ணலை கண்ணு," என்றேன்.

அவன் சிரித்தான். நெடுநாளுக்குப் பிறகு. "நீங்க எண்ணலையாக்கும். கை வலிச்சுதுங்களா?"

"வலிச்சுது."

"எத்தனாவது வளைவுலீங்?"

"ஏழாவதுல."

அவன் தலையாட்டினான். முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்து, கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"எனக்கு டவுனத் தாண்டறதுக்குள்ளயே வலிக்குமுங்ப்பா. தெனமும்," என்றான்.

பிறகு மூடுபனி ஏறி வந்தது. நான் வாசலுக்கு வந்து, உள்ளே போகலாம் என்றேன். அவன் எழ நான் கை கொடுத்தேன். வாசலில் இருந்து கட்டிலுக்குப் பதினாறு அடி. அவனோடு நடந்தால் இருபத்து ஒன்பது.